பொய்மீனுக்கு நீந்தத் தெரியவில்லை

நீல டிரம்மில் விட்டதுமே மீன் மல்லாந்து படுத்துக்கொண்டது. சூசையப்பன் நூலை இழுத்தார். ஸ்ட்ரெச்சரில் வரும் நோயாளி மாதிரி, வயிற்றைக் காட்டியபடியே வந்தது.

"செத்த மீனுக்கு எதுக்கு இம்புட்டுப் பெயிண்டு?" என்றாள் மனைவி சிசிலி. வாளியோடு தண்ணீருக்குக் காத்து நின்றாள்.

"சாகல. வயித்துல பாரம் பத்தல."

பீர்மேட்டுப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் தேயிலை ஃபாக்டரியில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்தவர் அவர். எந்த மெஷினாக இருந்தாலும் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு, சில்வர் ஓக் கட்டையைச் சீவி விரல் நீள மீன் செய்து, வர்ணம் பூசி, முள் மாட்ட ஆரம்பித்தார். தூண்டில்காரர்கள் அதை லூர் என்பார்கள். உயிருள்ள மீன்போல் அது நெளிந்து நீந்தினால், பெரிய மீன் ஏமாந்து கவ்வும். சூசையப்பனின் மீன்கள் எல்லாம் செய்தன, நீந்துவதைத் தவிர.

வேறொரு சமயமாக இருந்தால் விட்டிருப்பார். ஆனால் ஈஸ்டர் முடிந்த வாரம் டீக்கடையில் வாயை விட்டிருந்தார். தடுப்பணைக் குளத்தில் முழங்கை நீள விரால் ஒன்று இருப்பது எஸ்டேட்டுக்கே தெரியும். செபமாலையம்மாளின் வாத்துக்குஞ்சுகளில் மூன்றை விழுங்கிய விரால்.

"புழு கிழு எதுவும் வேணாம். என் கையால செஞ்ச லூர்ல, பெருநாளுக்கு முன்னால அதைப் பிடிக்கேன்" என்றார்.

"பிடிக்கலேன்னா?" என்று கேட்டான் ஜிபி. எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுபவன், அடுத்த லயத்து வீட்டுவரிசையில் குடியிருப்பவன்.

"சப்பரத்துல முன்தண்டு உனக்கு."

கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்தினார். பெருநாளன்று ஊர் சுற்றிவரும் புனித சூசையப்பர் சப்பரத்தின் வலது முன்தண்டு இருபத்திரண்டு வருஷமாக அவர் தோளில்தான் ஏறுகிறது. பெயருக்கேற்ற தோள் என்று பங்குச் சாமியாரே சொல்லியிருக்கிறார்.

வயிற்றைக் குடைந்து, வலையில் கட்டும் ஈயக்குண்டு இரண்டை வைத்து அடைத்தார். மீன் இந்தமுறை மல்லாரவில்லை. நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. இழுத்ததில் நூல் அறுந்தது. மீனை எடுக்க டிரம்மைக் கவிழ்த்தார். தண்ணீர் ரெண்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும் என்பது கவிழ்த்த பிறகு நினைவுக்கு வந்தது.

"மீனாவது குளிச்சுச்சே" என்றாள் சிசிலி.

ஒரு குண்டை எடுத்தார். இப்போது குளத்தில் மூழ்கவுமில்லை, புரளவுமில்லை. விறகுக்குச்சி மாதிரி விறைப்பாக வந்தது. கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஜிபி அக்கறையோடு தலையாட்டினான்.

"ஆக்‌ஷன் பத்தலண்ணே."

"அதான் தெரியுதே. இந்த விராலுப் பயலும் கொஞ்ச நாளா மேல வந்து மூச்சு விடக் காணோமே?"

"வெயிலுண்ணே. அடியில போய்ப் படுத்துருப்பான். நாக்கைப் பெருசா வைங்க. ஆழமா முங்கும்."

வாய்க்கடியில் நீட்டியிருக்கும் தகடுதான் நாக்கு. தண்ணீர் அதில் மோதுவதால்தான் பொய்மீன் நெளியும். தகரம் கனம், பாட்டில் பிளாஸ்டிக் வளையும். வீட்டைத் துழாவியதில் அலமாரியில் பளபளவென்று ஒரு சிடி கிடைத்தது. வெட்டி ராவி ஒட்டி, புதுச் சிவப்பும் அடித்தார். மேலே எழுதியிருந்த 'சோனா திருமணம்' என்பதில், வெட்டிய மிச்சத்தில் மகள் பெயர் 'சோனா' மட்டும் இருந்தது.

டிரம் காலி. ஆனால் பின்பக்கத்துத் தொட்டியில் நுரையோடு தண்ணீர் இருந்தது. விட்டு இழுத்தார். மீன் ஃபேன் மாதிரி சுற்றியது, நூல் முறுக்கேறியது, முள் எதிலோ மாட்டியது. தூக்கினால், சாமியாரின் வெள்ளை அங்கி. பெருநாள் பூசைக்காகச் சிசிலி ஊறவைத்தது. காயாத பெயிண்டு அதில் திட்டுத்திட்டாக இறங்கியிருந்தது.

"செவப்பு, வேதத்துக்காக உசுர விட்ட மறைசாட்சிக்குல்ல போடுவாக!" என்று சிசிலி தலையில் கைவைத்தாள். "நாளன்னிக்கு எந்த மறைசாட்சிக்குப் பெருநாளு?"

"எனக்குத்தான்" என்றார் சூசையப்பன்.

மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டு நடுச்சாமம் வரை அங்கியைத் துவைத்தது அவரேதான். சிடியைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவள் மிச்சத்தைப் பார்த்துவிட்டாள். அதை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அது இன்னும் பயமாக இருந்தது.

பெருநாளுக்கு முதல் நாள் காலையில், தோளைத் தடவியபடி சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மெஷினைக் கேட்பதுபோல் மீனைக் காதருகே பிடித்தார். அரத்தால் நாக்கை நூலளவு ராவினார். நூல் கட்டும் வளையத்தைக் குறட்டால் மயிரிழை வலப்பக்கம் வளைத்தார்.

குளத்தில் விட்டார். மீன் நெளிந்தது. இடுப்பை ஆட்டி, வாலை வீசி, சற்று முங்கி, சற்று எழும்பி, தாய்வீட்டுக்குப் போகிற புதுப்பெண் மாதிரி வந்தது.

"ஜிபி! பாத்தியா?"

"பாத்தேண்ணே. அசல் மீனு தோத்துச்சு" என்றான் ஜிபி, மனதார.

வீசினார். கல்லிடுக்கில், கோரையோரம், மதகடியில், எங்கும் வீசினார். மதியச் சாப்பாட்டைச் சிசிலி குளக்கரைக்கே கொண்டுவந்தாள். அவளும் நின்று பார்த்தாள். நூறு தடவைக்குமேல் மீன் அழகாக நீந்தி வந்தது. தனியாகவே வந்தது.

மாலை கோயில் மணி அடித்தது. சூசையப்பன் நூலைச் சுற்றினார்.

"நாளைக்கு முன்தண்டு உனக்குத்தான். வலது தோளுக்குத் துண்டை நாலா மடிச்சு வை. வளைவுல சப்பரம் சாயும், அப்ப மூச்சை விட்றாத."

"எனக்கே மனசு கேக்கலண்ணே" என்றான் ஜிபி, கண்ணைக் குளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு. "என்ன செய்ய, வாக்குன்னு ஒண்ணு இருக்கே."

அப்போது ரோட்டில், ஆள் ஏற்றிவரும் டிரிப் ஜீப் நின்றது. ஜிபியின் மனைவி ஷீனா பையோடு இறங்கி வந்தாள். கோட்டயத்தில் ஜவுளிக்கடை வேலை. ஈஸ்டருக்கு வந்து போனவள், பெருநாளுக்கு இப்போதுதான் வருகிறாள்.

"என்னண்ணே, எல்லாரும் குளத்தடியில நிக்கீக?"

"அந்தப் பெரிய விராலைப் பிடிக்கத்தாம்மா. ஒரு மாசமா ஏமாத்துது."

ஷீனா புருஷனைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"எது, ஈஸ்டருக்கு இவுக பிடிச்சாந்து, எங்க வீட்டு விருந்துல நீங்க தலையைக் கேட்டு வாங்கித் தின்னீகளே, அந்த விராலாண்ணே?"