பிஷப் C4-இல் நின்ற விவரம்

கொட்டாஞ்சேனை,
11.09.1997

சதுரங்கப் பக்க ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் ராஜா ராணி முதலியோரும் சேமமாயிருக்க வேண்டுகிறேன். துறைமுகத்தில் கிளார்க்காயிருந்து ஓய்வுபெற்ற நான், வெள்ளவத்தையில் தையற்கடை வைத்திருக்கும் நண்பர் மஷூரை ஏழே நகர்த்தலில் வீழ்த்திய ஆட்டத்தை அனுப்பியிருந்தேன். "பழைய பிஷப் ஓப்பனிங்தான், ஏழாவது நகர்த்தல் விளங்கவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். விளங்காதது என் குற்றமல்ல. C4-இல் நின்ற பிஷப் d6-இல் இறங்கியதும் மஷூரின் ராஜாவுக்கு மூச்சுவிட இடமில்லை. (பொலிஸார் வீட்டைச் சோதனை போட்டபோது என் பெட்டி கவிழ்ந்து ஒரு பிஷப்பும் ஒரு குதிரையும் தொலைந்ததால், அவற்றுக்குப் பதில் தைலப் போத்தல் மூடி இரண்டு வைத்தே ஆடுகிறோம். ஆட்டத்தின் தரம் குறையவில்லை.) மஷூர் "இது எப்பிடி?" என்றார், எழுந்து போனார், மூன்று ஞாயிறாக வரவில்லை. இருபது வருடப் பழக்கம், வருத்தம்தான். ஆனாலும் தோற்றவர்தானே முதலில் கதைக்க வேண்டும்?

ஆட்டத்தை ஆராய்ந்து பதினொரு பக்கம் எழுதி, அவருக்கே காட்டலாமென்று செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினால், செக் பொயின்டில் இறக்கிவிட்டார்கள். சார்ஜன் என் பக்கங்களை வாங்கி, C4 என்றிருந்த முதல் வரியிலேயே நின்றுவிட்டார். வெடிமருந்துக்கும் C4 என்றுதான் பெயராம், எனக்கெப்படித் தெரியும்?

"C4 எங்க இருக்கு?"

"பலகையில சேர். ராஜாவுக்குக் குறி வெச்சிருக்கு."

"பிஷப்பும் இதில இருக்காரா?"

"அவர்தான் சேர் முன்னுக்கு நிக்கிறார்!"

பொலிஸில் மூன்று மணிநேரம். தெரிந்தவர் யாரென்று கேட்க, என் வாய் மஷூரைச் சொல்லிவிட்டது. கடையைப் பூட்டிவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தார். என் முகத்தைப் பார்க்காமலே, "இவருக்கு பிஷப்ப ஒழுங்கா நகத்தவே தெரியா சேர். இவரா குண்டு வெக்கப் போற?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், என்னை விட்டார்கள். உயிர் தப்பியது, மானம் போயிற்று. வருகிற இதழில் "றேமண்ட் ஓப்பனிங்" என்று கொட்டை எழுத்தில் போட்டு அதை மீட்டுத்தரவும்.

தங்கள் காலாட்களெல்லாம் கடைசிக் கட்டம் சேர்ந்து ராணியாக ஆண்டவர் அருள்புரிவாராக.

இப்படிக்கு,
வெற்றிபெற்ற,
றேமண்ட்

பி.கு.: முத்திரை ஒட்டியபின் என் மனைவி பிலோமினா மூடிகளைப் பலகையில் வைத்துப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே. பிஷப் கோணலாத்தானே போறவர்? C4-ல இருந்து d6-க்கு இவரென்ன குதிரை மாதிரிப் பாயிறார்?" என்றாள். ஆக, மஷூர் பொலிஸில் சொன்னது சத்திய வாக்குமூலம். தெரிந்தும், என்னைக் குறைத்துச் சொல்ல மனமில்லாமல்தான் வராமலிருந்திருக்கிறார். ஒட்டிய முத்திரை வீணாகுமே என்று அனுப்புகிறேன், வாசித்ததும் கிழித்துவிடவும். ஞாயிறு நானே வெள்ளவத்தைக்குப் போகிறேன், கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல்.