கடைசி ஆளுக்காகக் காத்திருக்கும் சங்கம்

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்தது எதற்காக என்று அறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாரம் இழுக்க என்பார் ஒருவர், போருக்குப் போக என்பார் இன்னொருவர். எல்லாம் பிழை. மனித குலம் கருணையில் முன்னேறுவதற்காகத்தான் சக்கரம் உண்டானது. இந்த உண்மையைக் கண்டறிந்து, தீர்மானமாக நிறைவேற்றி, பனியனிலும் அச்சடித்துக்கொண்ட ஒரே அமைப்பு எங்கள் சைக்கிள் சங்கம். 'யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம்' என்ற வாசகம் பனியனின் முதுகில் இருக்கும். முதுகில் ஏன் என்றால், பின்னால் வருகிறவர்கள் படித்து ஆறுதல் அடைய வேண்டும் அல்லவா?

அடியேன் அதன் செயலாளர். தலைவர் ஒரு பல் டாக்டர். ஊர் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பழகியவராதலால், தான் பேசும்போது பிறர் வாய் மூடியிருப்பதையே விரும்புவார். எங்கள் தொழில்நுட்ப ஆலோசகர் 'கிராம்' என்று அழைக்கப்படுபவர். சைக்கிளின் எடையைக் குறைப்பதற்காகவே பிறவி எடுத்தவர். மணியைக் கூடக் கழற்றி எறிந்துவிட்டு, எதிரே மாடு வந்தால் வாயாலேயே 'டிரிங் டிரிங்' என்பார். மாடுகள் அவரை மரியாதையுடன் வேடிக்கை பார்க்கும்.

சங்கத்தின் முழுநாள் பயணம் அறிவிக்கப்பட்டது. வயல்வழி போய், கால்வாய்க் கரையைப் பிடித்து, மூன்றாம் பாலத்தில் மதிய உணவு. இந்த முறை என் மனைவியும் வருவதாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமையானா விடியறதுக்குள்ள காணாமப் போறீங்களே, அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கறேன். பிடிச்சா வாரா வாரம் ரெண்டு பேருமாப் போவோம். பிடிக்கலைன்னா சைக்கிளை வித்துட்டு, ஞாயித்துக்கிழமை துணி துவைக்கற வேலையை நீங்க பாருங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான். என் எதிர்காலம் முழுவதும் அன்று அவளுடைய இரண்டு பெடலில் இருந்தது. சங்கத்தின் பெருமையை அவளுக்கு எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்று மனதுக்குள் படபடத்தேன்.

காலையில் டாக்டரின் கிளினிக் வாசலில் கூடினோம். அவளுடைய சைக்கிள் தினமும் வேலைக்கும் கடைக்கும் போய்வருவது. முன்னால் கூடை, பின்னால் கேரியர். அதைக் கண்டதும் சங்கத்தினர் முகத்தில் ஓர் இரக்கம் படர்ந்தது.

"இன்னுமா கேரியரெல்லாம் வச்சிருக்கீங்க சிஸ்டர்?" என்றார் டாக்டர். தமது உணவு டப்பாவை அதில் வைத்துக்கொண்டேதான் கேட்டார்.

"என் சைக்கிள்ல ஒரு ஊசி கூடத் தொங்கவிட முடியாது அண்ணி, பேலன்ஸ் போயிடும்" என்று கிராம் தமது இரண்டு டப்பாக்களையும் கொடுத்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பன்னிரண்டு பேரின் சாப்பாடு, தண்ணீர்ப் பாட்டில்கள், காற்றடிக்கும் பம்பு எல்லாம் ஏறின. கணவன் என்ற உரிமையில் நான் என் மழைக்கோட்டையும் போட்டோ எடுக்கும் ஸ்டாண்டையும் மட்டும் செருகினேன்.

இவ்விடத்தில் எங்களுடைய உலகப் புகழ் பெற வேண்டிய 'கருணை நிறுத்தம்' பற்றி விளக்கியாக வேண்டும். ஒவ்வொரு பாலத்திலும் எல்லோரும் நிற்போம். கடைசி உறுப்பினர் வந்து சேரும்வரை ஒருவரும் பெடலில் கால் வைக்கக் கூடாது. அவர் வந்து சேர்ந்ததும் தலைவர் விசில் ஊதுவார், உடனே கிளம்பிவிடுவோம். இதைவிட மனிதாபிமானமான ஏற்பாடு எங்காவது உண்டா?

முதல் பாலத்தில் நாங்கள் காத்திருந்தோம். புல்லில் படுத்தோம், காலை நீட்டி மடக்கினோம், கால்வாயில் நீந்திய வாத்துகளை எண்ணி ஒருவருக்கொருவர் சண்டை போட்டோம். அவள் வந்தாள். விசில் பறந்தது.

"இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்" என்றாள்.

"உக்காந்தா உடம்பு ஆறிடும் சிஸ்டர். ஓட்டிக்கிட்டே குடிக்கறதுதான் முறை" என்று தலைவர் கிளம்பினார். அவருக்கு நாற்பது வருட அனுபவம். அதில் முப்பத்தெட்டு பல்லில்.

இரண்டாம் பாலத்துக்கு எதிர்க்காற்று. அங்கே நாங்கள் காத்திருந்த நேரத்தில் அவசரக் கூட்டமே நடத்தி, 'வேகம் குறைந்த உறுப்பினர்களை அன்புடன் ஊக்குவிப்பது' என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். அவள் முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்க வந்து நின்றாள். பன்னிரண்டு பேரும் கைதட்டினோம். எனக்குப் பெருமையில் கண் கலங்கியது.

"அண்ணி, அந்த கேரியரை மட்டும் கழட்டிடுங்க, பறப்பீங்க" என்றார் கிராம்.

"கழட்டிடலாம். உங்க ரெண்டு டப்பாவையும் எங்க வைக்கறது?"

கிராம் ஆழ்ந்து யோசித்தார். "அதுவும் ஒரு பாயின்ட்தான்" என்றார். விசில் ஒலித்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கட்டைவிரலை உயர்த்தி ஊக்குவித்தேன்.

மூன்றாம் பாலத்தில் காத்திருந்தோம். படுத்தோம், நீட்டினோம், மடக்கினோம். அவள் வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. வயிற்றுக்குள் பூனை பிராண்ட ஆரம்பித்தது.

"என்ன ஆச்சோ தெரியலையே" என்று கிராம் கலங்கினார். "ரெண்டு டப்பாவும் புதுசு."

நான் முறைத்ததும், "அண்ணியையும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார்.

திரும்பிப் போய்ப் பார்க்கலாம் என்றேன். தலைவர் அதிர்ந்தார். "முன்னால போய்க் காத்திருக்கறதுக்குத்தான் விதி இருக்கு. பின்னால போக விதி இல்ல. அதோட திரும்பினா செல்போன்ல சராசரி வேகம் என்னாகும்?"

நான் கால்வாயைப் பார்த்தேன். தண்ணீர் ஆழமாக, அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. கரைப்பாதையோ ஒரு முழ அகலம். அவள் சைக்கிளில் அத்தனை பாரம். வயிற்றுப் பூனையெல்லாம் ஓடிப்போயிற்று. "சராசரியாவது மண்ணாவது!" என்று கத்திவிட்டு சைக்கிளைத் திருப்பினேன். சங்கத்தின் வரலாற்றில் செயலாளர் ஒருவர் தலைவரிடம் கத்தியது அதுவே முதல் முறை. பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். நட்புக்காக என்றுதான் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

வழியில் ஒரு மதகு. அதன் அருகே ஒரு பெரிய மரம். அதன் நிழலில் என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதகு திறப்பவரும் அவர் மனைவியும் பக்கத்தில். மூவரும் ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய டப்பா காலியாகிக் கழுவியும் வைக்கப்பட்டிருந்தது. எனக்கு உயிர் வந்தது. கோபமும் கூடவே வந்தது.

"இங்கே உக்காந்துட்டா எப்படி? எல்லாரும் அங்க காத்துக்கிட்டு இருக்கோம்!"

"காத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? நான் வர்ற வரைக்கும் நகரமாட்டீங்கன்னு தைரியமா உக்காந்துட்டேன்" என்றாள். "நல்ல விதிங்க."

அதற்குள் தலைவரும் கிராமும் மற்றவர்களும் வேர்த்து விறுவிறுத்து, நாக்குத் தள்ள வந்து சேர்ந்தார்கள். அவள் எழுந்தாள், சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள், சைக்கிளின் ஸ்டாண்டைத் தள்ளினாள்.

"எல்லாரும் வந்தாச்சா? சரி, கிளம்பலாம்."

"சிஸ்டர்... ஒரு அஞ்சு நிமிஷம்..." என்றார் டாக்டர்.

"உக்காந்தா உடம்பு ஆறிடும் டாக்டர். ஓட்டிக்கிட்டே சாப்பிடுங்க. டப்பாவெல்லாம் அதோ புல்லு மேல இருக்கு. அவங்கவங்களோடதை அவங்கவங்க எடுத்துக்குங்க."

சொல்லிவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பிப் போயேவிட்டாள். சும்மா சொல்லக் கூடாது, காற்றாய்ப் பறந்தாள். பின்னால் எங்கள் சங்கம் வந்த கோலத்தைக் கால்வாய் பார்த்திருக்காது. கிராம் இரண்டு டப்பாக்களையும் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பள்ளத்துக்குப் பள்ளம் அவை மோதிக்கொண்டதில் மணி இல்லாத குறை தீர்ந்தது. தலைவர் ஒரு கையால் பாட்டிலைப் பிடித்து, விசில் ஊதக் கை இல்லாமல் வந்தார். மழைக்கோட்டோடும் ஸ்டாண்டோடும் பம்போடும் கடைசியாக வந்தவன் நான். முன்னால் பன்னிரண்டு முதுகுகள்... இல்லை, பதினொன்று. பன்னிரண்டாவது கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. படித்தேன். ஆறுதல் வரவில்லை.

வீட்டை அடைந்தபோது அவள் குளித்து முடித்து, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நான் தீர்ப்புக்காகக் கதவோரம் நின்றேன்.

"ரொம்பப் பிடிச்சிருக்கு. இனிமே வாரா வாரம் வர்றேன்" என்றாள்.

பிழைத்தேன். மகிழ்ச்சியில் செயலாளர் குரல் தானாக வந்துவிட்டது. "பாத்தியா? நான் சொல்லலையா? இத்தனை வருஷத்துல எங்க சங்கம் ஒருத்தரைக்கூட விட்டுட்டுப் போனதில்ல!"

அவள் துண்டைக் கொடியில் போட்டாள்.

"எப்படிங்க விட்டுட்டுப் போவீங்க? சாப்பாடு என்கிட்டல்ல இருந்துச்சு!"