இறக்கத்தில் இன்ஜினை அணைப்பவர்

பெட்ரோல் விலை ஏறுகிற ஊர்களிலெல்லாம் ஒரு புது மனித இனம் உண்டாகிவிடுகிறது. கம்பாலாவில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஊரே மேடும் பள்ளமுமாக இருப்பதால் இங்கே அது செழித்து வளர்கிறது. அடையாளம் கண்டுகொள்ள நீங்கள் சிரமப்பட வேண்டாம். மேட்டின் உச்சி வந்ததும் பாதிப் பேச்சில் வாயை மூடுவார், கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவார், சாவியைத் திருப்பி இன்ஜினை அணைப்பார், பிறகு ஆடு, மாடு, தள்ளுவண்டி, போலீஸ்காரர் எல்லோரும் தாமாகவே விலகிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையோடு கீழே உருள்வார். பிரேக் போடமாட்டாரா? போடமாட்டார். உருண்டு சேர்த்த வேகத்தைத் தானே வீணாக்குவதற்கு அவருக்கென்ன பைத்தியமா?

எரிசா செம்பேராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் ஸ்டோர் கீப்பர். பழைய கார் ஒன்று உண்டு. அதன் ஏசி பட்டன் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைக் குறுக்காக ஒட்டி வைத்திருக்கிறார், யாரும் தெரியாமல்கூடத் தொட்டுவிடக் கூடாதல்லவா? கீழே போகிறவர்களுக்குக் கேட்காமலே லிஃப்ட் கொடுப்பார். மேலே ஏறுகிறவர்களிடம், நடை உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போவார். பங்க்கில் ஐந்து லிட்டர் போட்டால் இறங்கி வந்து காரின் பின்பக்கத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டுவார், டாங்கில் பெட்ரோல் நன்றாக அமர வேண்டுமாம். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். இவர் ஆட்டுவார்.

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் நீங்களும் நானும் பயப்படுவோம். செம்பேராவுக்கு அது வீட்டு விளக்கு மாதிரி.

“லைட் எரியுதுங்க,” என்பார் மனைவி ரோபினா.

“அது நேத்தே எரிஞ்சது.”

“அதத்தான் சொல்றேன்.”

“நேத்து எரிஞ்சும் இன்னிக்கு ஓடுதில்ல? அப்போ அது பொய் சொல்ற லைட்டு.”

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பங்க் வாசல் பலகையில் விலையை மாற்றுகிறவனுக்கு ஏணியிலிருந்து இறங்கவே நேரமில்லை, சம்பளமோ கல்லுப்பிள்ளையார் மாதிரி வைத்த இடத்திலேயே இருக்கிறது. முன்பெல்லாம் ஞாயிறு தோறும் ரோபினாவை அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப்போவார். பிறகு அது மாதம் ஒருமுறை ஆனது. இப்போது போனோடு சரி. அந்த அம்மாளுக்குக் காது சரியாகக் கேட்காது என்பதால் ரோபினா கத்திப் பேசுவதும், பேசி முடித்துப் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதும் செம்பேராவுக்கு வேதனையாகத்தான் இருக்கிறது. வேதனைப்பட்டுவிட்டு அடுத்த இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிடுகிறார்.

இப்படிப்பட்டவருக்கு அண்ணன் மகன் டெரிக்கின் அறிமுகச் சடங்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஊர்வலமாகப் பெண்வீட்டுக்குப் போய், வேலிக் கதவுக்கு வெளியே வரிசையில் நின்று, அவர்கள் கேட்கிற குறும்புக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி உள்ளே நுழைகிற அந்தச் சடங்கு இல்லாமல் இங்கே கல்யாணமே இல்லை. டெரிக்கின் அப்பா இறந்து பத்து வருஷமாகிறது. தகப்பன் நாற்காலியில் உட்காரப் போகிறவர் செம்பேரா சித்தப்பாதான். அதற்காக வெள்ளை அங்கியை இரண்டு தடவை இஸ்திரி போட்டார், கண்ணாடி முன்னால் உட்கார்ந்தும் பார்த்தார்.

பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பதினொரு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். வெறும் மிரட்டல் இல்லை. மூத்த மகளுக்கு வந்த கூட்டம் அரைமணி பிந்தியதால் அப்படியே திருப்பி அனுப்பியவர் அவர். அந்தப் பையனுக்கு இப்போது வேறு இடத்தில் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள்.

டெரிக் கெட்டிக்காரன். பாண்டு வாத்தியம் வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, அந்தக் காசில் எட்டுக் கார்களுக்கும் முதல் நாளே இருபது இருபது லிட்டர் பெட்ரோல் மஞ்சள் கேனில் கொண்டுவந்து கொடுத்தான்.

“சித்தப்பா, யாரும் வழியில நின்னுடக் கூடாது. அதுக்குத்தான் இது.”

“கவலைய விடுப்பா. நான் இருக்கேன்ல.”

டெரிக் தெருமுனை திரும்பியதும் சித்தப்பா கேனைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். திங்கட்கிழமை விலை ஏறுகிறது என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். இன்றைய விலைப் பெட்ரோலை நாளைக்கே எரித்துவிடுவதா? பெண்வீட்டுக்குப் போகிற மசாக்கா சாலையோ பாதிக்குமேல் இறக்கம். அதோடு, மற்ற ஏழு பேரும் டாங்கை நிரப்பிக்கொண்டுதானே வருவார்கள்? அவசரமென்றால் ஆளுக்கு ஒரு சொட்டுக் கொடுக்கமாட்டார்களா?

“டெரிக் முகத்துல எப்படிங்க முழிப்பீங்க?” என்றார் ரோபினா.

“போய்ச் சேந்துட்டா அவன் ஏன் டாங்க்ல குச்சி விட்டுப் பாக்கப்போறான்?”

மறுநாள் எட்டுக் கார்களும் ரிப்பன் கட்டிக்கொண்டு கிளம்பின. செம்பேராவின் கார் கடைசி. பின்சீட்டில் டெரிக்கின் அத்தை யூனியா, பளபளக்கும் கொமேசி உடுப்பில், மடியில் சேவலோடு உட்கார்ந்திருந்தார். சாதாரணச் சேவல் இல்லை. பெண்ணின் அண்ணன் கையில் அதைக் கொடுத்தால்தான் பெண் உண்டு, மாடும் சர்க்கரையும் துணிமணியும் எவ்வளவு கொண்டுபோனாலும் அது இல்லாவிட்டால் ஒன்றும் செல்லாது. அதனால்தான் பொறுப்பான சித்தப்பாவின் காரில் ஏற்றியிருந்தார்கள்.

நாணல் சதுப்புக்கு இறங்குகிற நீண்ட சரிவின் உச்சியில் செம்பேரா பேச்சை நிறுத்தினார். நியூட்ரல். சாவி. கார் மௌனமாக உருண்டது, உருண்டு அடிவாரத்துக்கு வந்தது, நின்றது. மறுபடி சாவியைத் திருப்பினார். இருமியது. மறுபடி திருப்பினார். இருமக்கூட இல்லை.

“இப்ப சொல்லுங்க, லைட்டு பொய்யா?” என்றார் ரோபினா.

அதற்குள் டெரிக்கின் போன். பெட்ரோல் தீர்ந்தது என்று எந்த வாயால் சொல்வது? “இன்ஜின் சூடாயிடுச்சுப்பா,” என்றார் சித்தப்பா. பையன் என்ன செய்தான் தெரியுமா? சித்தப்பாவையும் சேவலையும் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று ஏழு கார்களையும் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். மணி பத்து இருபது.

மூன்றாவது காரை ஓட்டிவந்த கிஸ்ஸா மெக்கானிக். பானெட்டைத் தொட்டுப் பார்த்தான், சில்லென்று இருந்தது. டாங்க் மூடியைத் திறந்து மோந்தான். டிக்கியிலிருந்து ரப்பர் டியூபை எடுத்தான்.

“யாராச்சும் ரெண்டு லிட்டர் குடுங்க.”

முதல் காரின் சொந்தக்காரர், சர்ச் பொருளாளர், டாங்க் மூடியின் சாவியை வீட்டில் வைத்துவிட்டதாகச் சொன்னார். இரண்டாவது காரர் தன்னுடையது வேறு ஜாதிப் பெட்ரோல், கலக்கக் கூடாது என்றார். அடுத்தவருக்கு டியூபின் வாசனையே ஒத்துக்கொள்ளாதாம்.

“உன் கார்லருந்தே எடேன்டா,” என்றார் செம்பேரா.

“என் கார்ல டியூப் எறங்காது சித்தப்பா,” என்றான் மெக்கானிக் கிஸ்ஸா, தரையைப் பார்த்துக்கொண்டு.

ரோபினா காரைவிட்டு இறங்கினார். “எல்லாரும் சாவியப் போட்டுத் திருப்புங்க. நான் பாக்கணும்.”

கொமேசியின் நுனியைச் சேற்றில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். எட்டுக் கார். எட்டிலும் மஞ்சள் விளக்கு. எல்லோருடைய கட்டிலுக்கு அடியிலும் ஒரு மஞ்சள் கேன். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரை நம்பிக் கிளம்பியிருக்கிறார்கள், போய்ச்சேர மட்டும் சரியாக வைத்திருந்ததைத் திரும்பிவந்ததில் தீர்த்துவிட்டார்கள்.

டெரிக் கத்தவில்லை. “ஒருத்தராச்சும் ஊத்தியிருக்கக் கூடாதா?” என்று மட்டும் கேட்டான். செம்பேராவுக்கு அந்தச் சதுப்பிலேயே இறங்கி முழுகிவிடலாம் போல அவமானமாக இருந்தது.

சாலையில் வந்த வாடகை மோட்டார் பைக்கை டெரிக் நிறுத்தினான். யூனியா அத்தையை நடுவில் ஏற்றி, சேவலைக் கையில் வாங்கிக்கொண்டு, பின்னால் ஒட்டிக்கொண்டு போய்விட்டான். மற்றவர்கள் பழக்கூடைகளையும் சர்க்கரை மூட்டைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். மாட்டைப் பற்றிக் கவலையில்லை, அது நேற்றே நடந்து போய்ச் சேர்ந்துவிட்டது.

வேலிக் கதவில் தலைமையாசிரியர் கடிகாரத்தோடு நின்றாராம். மணி பத்து ஐம்பத்தேழு.

“எட்டுக் காருன்னு சொன்னாங்களே தம்பி?”

“எட்டுக் காருக்கும் பெட்ரோல் குடுத்தேன் ஐயா. எட்டு பேரும் பத்திரமா வீட்ல வச்சிருக்காங்க.”

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நீ உள்ள வா. அவங்க வெளியில நிக்கட்டும்.” பதினொன்றுக்குக் கதவைச் சாத்தினார்.

செம்பேராவும் மற்றவர்களும் வந்து சேர்ந்தபோது உள்ளே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. வேலி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். தகப்பன் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்று பெண்வீட்டாரே அண்டைவீட்டுக் கிழவர் ஒருவரைக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார்கள். சேவலைக் கொடுக்குமுன் டெரிக் அந்த முன்பின் தெரியாத கிழவரின் முன்னால் மண்டியிட்டு ஆசி வாங்கினான். செம்பேரா இடுக்கிலிருந்து கண்ணை எடுத்தார். அழுதார்.

பக்கத்தில் பொருளாளர் யாரிடமோ மெதுவாகக் கேட்டார்: “திங்கக்கிழமை நிச்சயமா ஏறுதா?” ஆறு தலைகள் ஆவலோடு திரும்பின.

நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்குக் காரே இல்லை, பஸ்ஸில் போகிறவன் என்றும் சொல்வீர்கள். இந்த இனத்தில் சேரக் கார் வேண்டியதில்லை ஐயா, மற்ற ஏழு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் ஒன்று போதும். அந்த எட்டுக் கார்களில் எதை நான் ஓட்டினேன் என்று நீங்கள் கேட்காதீர்கள். எதை நீங்கள் ஓட்டியிருப்பீர்கள் என்று நானும் கேட்கவில்லை.