கப்பல் பாயும் நாற்பது லிட்டர் டேங்கும்

அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். அதுவரை எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. என் மகள் நிவேதா தலைமுடியில் பிசினோடு உள்ளே வந்தாள். "அம்மா, நானும் பாயும் படகுக்கு டீசல் டேங்க் செய்யப் போறோம். செஞ்சு மாட்டினதும் கடலுக்குப் போறோம்" என்றாள். தோசைக்கல்லில் இருந்த தோசை கருகியது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை.

பல்லவர்களை விட்டுவிட்டால், காஞ்சிபுரத்தில் கப்பல் வைத்திருந்த ஒரே மனிதர் கப்பல் பாய்தான். இப்போது அவர் கடையை மூடிவிட்டுக் கடற்கரைப் பக்கமே குடிபோய்விட்டார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

தொழிலால் அவர் மோட்டார் காயில் கட்டுபவர். தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் எங்கள் பேட்டை முழுக்க அவர் கடைக்குத்தான் போகும். அவர் மோட்டாரைக் கழற்றிப் பார்ப்பார், பிறகு அதன் சொந்தக்காரரை நிமிர்ந்து பார்ப்பார். "தண்ணி இல்லாத போர்ல இதை ஓட்டிக்கினு இருந்திருக்கிறியே, உன்னைச் சோறு போடாம ஓட்டினா நீ ஓடுவியாபா?" என்பார். திட்டு வாங்காமல் மோட்டாரைத் திரும்ப வாங்கியவர்கள் எங்கள் தெருவில் கிடையாது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஓர் ஓட்டை ஃபைபர் படகை லாரியில் கொண்டுவந்து, எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் இறக்கினார். ஊரில் கடல் இல்லையே என்று கேட்டதற்கு, "போட்டு இருந்தா கடலுக்குப் போயிக்கலாம். கடல் இருந்து போட்டு இல்லாதவன் என்னா பண்ணுவான்?" என்றார்.

கோயிலுக்கு வந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று படகைத் தெப்பம் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு வலம்வர ஆரம்பித்தது. பாய் தடுக்கவில்லை. "சுத்தறது சுத்துங்க, தொடாம சுத்துங்கமா. பெயிண்ட் காயலை" என்றார்.

படகை விற்ற எல்லப்பன் ஒருமுறை பார்க்க வந்தார். கடலிலேயே வளர்ந்த மனிதர். டேங்க் செய்யப்போகும் செய்தியைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா பாய், நாங்கள்லாம் பிளாஸ்டிக் கேன்ல டீசல ஊத்தி ஓரமா வச்சிக்கினு போறோம். இதுக்கு எதுக்கு டேங்க்கு?"

"கேன் வச்சா அது போட்டு. டேங்க் வச்சாதான்பா கப்பல்."

முன்பக்கப் பலகைக்குக் கீழே, படகு வளைந்து குறுகும் இடத்தில்தான் டேங்க் உட்கார வேண்டுமாம். அந்த வளைவுக்குக் கடையில் எதுவும் கிடைக்காது. கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் நனைத்து, அச்சின்மேல் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்ய வேண்டும். நிவேதா ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் டிசைன் பிரிவில் இருக்கிறாள். ஞாயிறு விடுமுறை. அளவெடுத்துக் கம்ப்யூட்டரில் வரைந்தாள். நாற்பது லிட்டர், டீசல் உள்ளே அலையாமலிருக்க நடுவில் இரண்டு தடுப்பு. பிளைவுட் அச்சில் பிசின் ஒட்டிக்கொள்ளாமலிருக்க பாய் வாழை இலையை விரித்தார். அந்த டேங்குக்குள் கையை விட்டால் இலை நரம்பு தட்டுப்படும்.

நான் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். நடக்கக்கூடிய விபத்துகளை வரிசையாகக் கேட்டேன்.

"வெடிக்குமா?"

"டீசல் அப்படியெல்லாம் வெடிக்காதும்மா."

"எரியுமா?"

"எரியறதுக்குத்தானம்மா டீசலே ஊத்துறோம்."

என் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "போய்ட்டு வரட்டுமே" என்றார். அவரிடம் நான் நான்கு நாள் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

துணியை நீளமாக விரித்து வெட்ட இடம் வேண்டும். எதிர்வீட்டுச் சகுந்தலா அக்கா வீட்டில், பட்டு நெசவுக்குப் பாவு இழுத்துக் கட்டும் நீளக்கூடம் இருந்தது. பாய் துணிச்சுருளை அங்கே இறக்கி, "அக்கா, இந்தத் துணி இங்க கெடக்கட்டும், வந்து வெட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் அக்கா என்னிடம் வந்து, "கையெல்லாம் ஒரே அரிப்பு டீச்சர், கத்திரிக்கா ஒத்துக்கலை போல" என்றார். நான் தேங்காய் எண்ணெய் கொடுத்து அனுப்பினேன்.

பாயோ துணியை வெட்டும்போது பூரித்துப் போனார். நிவேதாவை அவர் 'பேட்டி' என்றுதான் கூப்பிடுவார்; உருதுவில் மகள். "கம்பெனிக்காரன் திருந்திட்டான் பேட்டி. போன வாட்டி போட்டு ஓட்டைய அடைக்க வெட்டினா நூல் நூலா பிரிஞ்சுக்கினு போச்சு. இந்த வாட்டி பாரு, கல்யாணப் புடவை மாதிரி மடமடன்னு நிக்குது."

டேங்க் தயாரானது. ஒரு சனிக்கிழமை தண்ணீர் நிரப்பினார்கள். மாலை வரை ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. பாய் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மறுநாளே கடல் என்றார்கள். இன்னும் மூன்று நாள் தண்ணீர் நிற்கட்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

மூன்றாம் நாள் பள்ளி விட்டு வந்தேன். மனைப் பக்கம் ஏதோ வாசனை.

"மீன் போட்டு டீச்சர், அப்படித்தான் அடிக்கும்" என்றார் பாய்.

"மீன் இல்ல பாய். இது பழைய சோறு."

டேங்கின் பக்கச் சுவரை விரலால் அழுத்தினேன். அப்பளம் உப்பினாற்போல் அது உள்ளே போய் வந்தது. வேலை முடிந்து வந்திருந்த நிவேதா ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தாள். வாழைப்பட்டை உரிவதுபோல அடுக்கு அடுக்காகக் கையோடு வந்தது. உள்ளிருந்த தடுப்பு ஒன்று கழன்று தண்ணீரில் மிதந்தது. நடுக்கடலில் இது நடந்திருந்தால் டீசல் முழுக்கப் படகின் அடியில் கொட்டியிருக்கும், எஞ்சின் நின்றிருக்கும், என் பெண் அங்கே நின்றிருப்பாள். அங்கே கவிழ்ந்து கிடந்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் சகுந்தலா அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன், கஞ்சி பத்தலையா? அப்பவே நெனச்சேன், இன்னொரு கை போட்டிருக்கணும்."

பாய் மெதுவாகக் கேட்டார். "என்னா கஞ்சி அக்கா?"

"உங்க துணிக்குத்தான். எந்த ஊர்க்காரன் நெய்ஞ்சானோ, தொட்டா நூல் நகருது. பாத்துக்கினு சும்மா இருக்க மனசு வரலை. பச்சரிசிக் கஞ்சி காச்சி ரெண்டு பக்கமும் தடவி, இழுத்துக் கட்டிக் காய வச்சேன்."

"அக்கா, அது கண்ணாடி" என்றாள் நிவேதா.

"கண்ணாடியா? அதான் அரிச்சுதா" என்று அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். பாவம், கத்திரிக்காய்மேல் பழி போட்டிருந்தார்.

எங்கள் ஊரில் நூல் நகர்ந்தால் கஞ்சி போடுவார்கள். வேறெந்த ஊரிலும் அந்தத் துணிக்கு இந்தக் கதி வந்திருக்காது. பிசின் இழையில் ஊறாமல் கஞ்சியின்மேல் காய்ந்திருக்கிறது.

பாய் கத்துவார் என்று பயந்தேன். அவர் உரிந்து வந்த ஓர் அடுக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "துணின்னு சொன்னவன் நான்தான். கண்ணாடின்னு சொல்லலை. உங்க மேல தப்பில்ல அக்கா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா கை வேலைன்னா இது டீச்சர். ஒரு எடத்துலயாவது கஞ்சி திட்டு நிக்குதா பாருங்க" என்றார்.

நான் பாராட்டும் நிலையில் இல்லை. "கேன் போதும் பாய். இல்லன்னா என் பொண்ணு வரமாட்டா" என்றேன். நிவேதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டீச்சர் வாயால சரின்னு வர்ற வரைக்கும் பேட்டி போட்டுல கால் வைக்காது. அல்லா மேல சத்தியம்."

அந்தச் சத்தியத்தால் நான் டேங்க் இன்ஸ்பெக்டர் ஆனேன். புதுத்துணி எங்கள் வீட்டு பீரோவில் பூட்டி வைக்கப்பட்டது. ஒவ்வோர் அடுக்கையும் காய்ந்த பிறகு கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கடுகளவு காற்றுக்குமிழி இருந்த இடத்தைச் சுரண்டி எடுக்க வைத்தேன். சைக்கிள் பம்பால் காற்றடித்து, மூட்டெல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். பத்து நாள் தண்ணீர், பத்து நாள் டீசல். "பரிட்சை பேப்பர்லயாவது பாஸ் மார்க் போடுவீங்களா டீச்சர்?" என்று பாய் கேட்டார். கடைசியில் சொல்வதற்கு என்னிடம் குறை எதுவும் மிச்சமில்லை. அப்படியும் 'சரி' என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

குப்பத்தில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். எட்டு மணிக்குத் திரும்பிவிடுவதாகச் சொன்னார்கள். படகோட்ட நிவேதா எல்லப்பனிடம், அவருடைய படகிலேயே, நான்கு ஞாயிறு பாடம் கேட்டிருக்கிறாள் என்பதே எனக்கு அன்று கரையில்தான் தெரிந்தது. எட்டு மணி ஆனது. எட்டரை ஆனது. எல்லப்பன் வலையை உதறிக்கொண்டே, "கடல்ல யாரும் வாட்ச் பாக்கறதில்லமா" என்றார். ஒன்பதும் ஆனது.

ஒன்பதரைக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. கிட்டே வர வர எண்ணினேன். ஒரு தலைதான் இருந்தது. புடவையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

எஞ்சினைப் பிடித்துக்கொண்டு நின்றது நிவேதா. பாய் முன்பக்கத்தில், டேங்கை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. டேங்க் ஒழுகவில்லை, எஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. ஆனால் கப்பல் வைத்திருந்த மனிதர் அதற்கு முன் கடலில் போனதே இல்லையாம். பத்தாவது நிமிடத்திலேயே வாந்தி. திரும்பலாமா என்று நிவேதா ஒவ்வொரு தடவை கேட்டபோதும், இன்னும் கொஞ்சம் என்று விரலை மட்டும் காட்டியிருக்கிறார்.

எல்லப்பன் ஒரு பக்கமும் நிவேதா ஒரு பக்கமும் பிடித்துத்தான் அவரை இறக்கினார்கள். மணலில் கால் ஊன்றவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, தள்ளாடியபடி நேராக என்னிடம் வந்தார். எதையும் சொல்லிவிடாதே என்று நிவேதா அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள்.

"பொண்ணைப் பத்திரமா கூட்டியாந்துட்டேன் டீச்சர்" என்றார் பாய்.