வாழைமரம் கட்டாத பூ வண்டி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் முதலிலேயே மன்னித்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேசச் சொன்னால் இதைவிட மோசம். நாலு பேர் முன்னால் நாக்கு எழும்பாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஓசூரிலிருந்து மாநில எல்லை வரை வண்டி ஓட்டுகிற அத்தனை பேரிலும் சாலை விதியை முழுசாக நம்பிய ஒரே உயிர், ‘இன்டிகேட்டர்’ என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்த பெண்தான். மற்றவர்கள் சாமியையும் ஹாரனையும் நம்பி ஓட்டுகிறார்கள்.

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. அப்பா பூ வண்டிக்காரர். ஜவளகிரிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஓசூர் மார்க்கெட்டுக்குத் தினமும் பூ ஏற்றி வருகிற சின்ன வண்டி. பதினெட்டு முடிந்த கையோடு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். எங்கள் தெருவில் பலர் அங்கே போனதுண்டு, லைசென்ஸ் வாங்குவதற்கு. இவள் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் சந்திலிருந்து வண்டியைத் திருப்பும்போது இன்டிகேட்டர் போடுவாள். சந்தில் ஒரு கோழிதான் நிற்கும்.

“யாருக்குடி போடற?” என்றார் அப்பா.

“கோழிக்கு.”

“கோழிக்கு இன்னா தெரியும்?”

“தெரிஞ்சு நவுந்துச்சே, பாக்கலயா?”

ஒருநாள் அப்பா நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். இவள் கதவைத் திறந்து அவருக்கு பெல்ட் மாட்டிவிட்டாள். “வண்டி நிக்குதுடி!” என்று கத்தினார். “நிக்கற வண்டி மேலயும் வந்து இடிப்பாங்கப்பா” என்றாள்.

சிக்னலில் போலீஸ் இல்லாவிட்டாலும் சிவப்புக்கு நிற்பாள். பின்னால் நிற்பவர்கள் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் வைவார்கள். எட்டிப் பார்த்து, வைத மொழியிலேயே பணிவாகப் பதில் சொல்வாள். “ரெட்டு இதே, இரி சார்”, அதாவது சிவப்பு இருக்கிறது, இருங்கள் என்று ஒரு கர்நாடகா லாரிக்காரரிடம் அவள் சொன்னதை நான் நேரில் கேட்டேன். அவர் இருந்தார். வேறு வழியில்லை. முன்னால் இவள் நின்றுகொண்டிருந்தாள்.

இப்படி இருக்கையில் அப்பா, பூ மூட்டை மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கிக் கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டார். “நான்தான் சொன்னனே, நிக்கற வண்டிலயும்…” என்று ஆரம்பித்தவளின் வாயை அம்மா பொத்தினாள்.

கை கூடும்வரை வண்டியை மகள்தான் ஓட்ட வேண்டும். அந்த லோடு ஒன்றுதான் அவர்களுக்குச் சோறு. அம்மா என்னிடம் வந்து, “அண்ணா, காட்டு வழி. நீங்க சும்மா பக்கத்துல உக்காந்தா போதும்” என்றாள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மாட்டேன் என்று சொல்லவும் தெரியாது. கம்பெனி லீவு நாட்களில் துணைக்குப் போனேன்.

அவள் ஓட்டினால் ஜவளகிரியிலிருந்து ஓசூர் ரொம்ப தூரம். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டும்போது நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். தோட்டக்காரர்களுக்கெல்லாம் பெரியவரான முனியப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. அதே ஊரில் ராக்கெட் என்று ஒரு டிரைவர் இருந்தான். பெயருக்கு ஏற்ற வேகம்.

ஆயுத பூஜை அன்று மதியம் முனியப்பா கறாராகச் சொல்லிவிட்டார். “பாப்பா, பெங்களூர் ஏவாரி ஏழு மணிக்குக் கெளம்பிருவான். அதுக்குள்ள மார்க்கெட்டு சேரணும். சேரலன்னா நாளையிலருந்து மொத்த லோடும் ராக்கெட்டுக்குத்தான்.”

“சரிங்கய்யா” என்றாள். முகம் சுருங்கிவிட்டது.

அதற்குமுன் தோட்டத்தில் பூஜை. இரண்டு வண்டிகளுக்கும் சந்தனம், குங்குமம், கண்ணாடியை மறைத்து மாலை, முன்பக்கம் இரண்டு வாழைமரம். ராக்கெட் கும்பிட்டுவிட்டு ஏறினான். எங்கள் ஆள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“ஹெட்லைட்டு மறையுதுங்க. நம்பர் பிளேட்டும் தெரியல. வாழையயும் மாலையயும் கழட்டிரலாம்.”

“சாமி குத்தம் ஆயிரும்!” என்றார் முனியப்பா.

“குங்குமம் இருக்கட்டுங்க. சாமிக்கு அது போதும். எனக்குத்தான் ரோடு தெரியணும்.”

“தூக்கி எறியாத. எங்கிட்டக் குடு” என்றான் ராக்கெட். நாலு வாழைமரத்தோடு அவன் வண்டி கல்யாண மண்டபம் போல ஆகிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். யானை நடமாடும் காட்டோரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அங்கே இருபது பேராவது இருந்தார்கள். வாழைமரத்தைக் கட்டிக்கொண்டு அந்தக் காட்டு ரோட்டில் போகிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். சாமி காரியம் என்றால் எங்கள் மூளைக்கும் அன்று பூஜை போட்டு ஓய்வு கொடுத்துவிடுவோம்.

ராக்கெட் முன்னால் பறந்தான். நாங்கள் பின்னால் போனோம். வெயில் சாயும் நேரம் ஒரு வளைவு தாண்டினால் ராக்கெட்டின் வண்டி நின்றுகொண்டிருக்கிறது. அவள் ரொம்பத் தள்ளியே நிறுத்திவிட்டாள்.

“கிட்டப் போயி இன்னான்னு பாக்கலாமே” என்றேன்.

“முன்ன நிக்கறவங்க பின்னாடி வந்தா எடம் வேணும் மாமா.”

அப்போதுதான் பார்த்தேன். ராக்கெட்டின் வண்டிக்கு முன்னால் ஒரு ஒற்றை யானை. முதல் வாழைமரத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவசரமே இல்லை. அதற்கும் பூஜை லீவு போலிருக்கிறது.

எங்களுக்குப் பின்னால் ஒரு கார் வந்து ஹாரனில் கை வைத்தது. இவள் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் காட்டினாள். ஹாரன் நின்றது. இரண்டாவது மரம் போனது. மூன்றாவதும் போனது. பிறகு தும்பிக்கை கண்ணாடி மேலிருந்த மாலைக்கு ஏறி, ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தது. ராக்கெட்டின் துண்டு வெளியே வந்தது. அடுத்து ராக்கெட் வருவான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது அவன் வண்டி பின்பக்கமாக எங்களை நோக்கிப் பறந்து வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. வழக்கம்போல யாராவது அவன் முதுகோடு ஒட்டி நின்றிருந்தால் அவனுக்கு நகர வழியே இருந்திருக்காது. கயிறு அறுந்து விழுந்த நாலாவது மரத்தை எடுத்துக்கொண்டு யானை காட்டுக்குள் போனது.

ராக்கெட் இறங்கி எங்கள் ஜன்னலுக்கு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“ஏம்மா… அவ்ளோ தள்ளி நிக்கணும்னு உனுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?”

“கிளாஸ்ல சொன்னாங்கண்ணா.”

“எனுக்கு ஒருத்தரும் சொல்லலயே.”

“நீங்க கிளாசுக்குப் போயிருக்க மாட்டீங்க” என்றாள். பிறகு, “அண்ணா, உங்க ரிவர்ஸ் லைட்டு ஒண்ணு எரியல” என்றாள்.

அன்று ஏழு மணிக்கு நாங்கள் மார்க்கெட் சேரவில்லை. பெங்களூர் வியாபாரி போய்விட்டார். சாமந்தி கிடைத்த விலைக்குப் போனது. வீடு வந்தும் அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை முனியப்பா பஸ் ஏறி நேரே லைன் வீட்டுக்கே வந்துவிட்டார். லோடு போயிற்று என்று நினைத்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த ராக்கெட்டு, பின்னால இந்தப் பாப்பா வந்தாத்தான் வண்டி எடுப்பங்கறான்” என்றார் முனியப்பா. “பாதி லோடு அவனுக்கு, பாதி உங்களுக்கு. ஏழு மணிக்குத்தான் இன்னா பண்றதுன்னு ராத்திரியெல்லாம் பேசனோம். இவ வேகத்த மாத்த முடியாது. அது ஆகற காரியமில்ல. பூவத்தான் ஒரு மணி நேரம் முன்னாலயே பறிச்சிரலாம்னு முடிவு பண்ணிட்டம்.”

ஒரு ஊரே பூப்பறிக்கிற நேரத்தை மாற்றிக்கொண்டது. அவள் மட்டும் கியரை மாற்றவில்லை.

இப்போது அப்பாவின் கை சரியாகிவிட்டது. மற்ற நாட்களில் அவர் ஓட்டுகிறார். அவள் காலேஜ் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி அவளுடையது. இனித் துணை தேவையில்லை என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நான் போகிறேன். பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ, எதில் ஏறினாலும் இறங்கும்வரை கம்பியை விடாத ஆள் நான். அவள் வண்டியில் மட்டும், பெல்ட்டை மாட்டிய கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போகிறேன்.

இதை எழுதி முடித்தது, மாசி மாதம் மூன்றாம் ஞாயிறு.