இரண்டு சாவிக் கதவு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் பல்செட் இன்றைக்கே உடைந்து போகட்டும்.

கருவூல அலுவலகத்தின் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று அதிகாரியிடம், மற்றது காசாளர் அம்மாவிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒருவரை ஒருவர் நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே அரசாங்கம் செய்துவைத்த ஏற்பாடு. அங்கே போய், ஊழியர்களிடையே நம்பிக்கை வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஓர் அம்மையார் மதியம் வருகிறாராம். வளரவில்லையென்றால் அதிகாரிக்கு மாற்றல். அவர் மனைவி இப்போதுதான் பக்கத்து வீட்டோடு சமாதானமாகியிருந்தாள்.

அதிகாரி தன் சாவியைக் காசாளர் மேசையில் வைத்தார். "இனிமே ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்மா. நான் உங்களை நம்பறேன்."

காசாளருக்கு முகம் வெளுத்தது. "என்னை மாட்டிவிடப் பாக்கறீங்களா சார்?"

"நம்பறேன்னுதானே சொன்னேன்."

"இத்தனை நாள் சொல்லாதவர் இன்னைக்கு எதுக்குச் சொல்றீங்க?"

இரண்டு சாவியையும் அந்த அம்மா பக்கத்து மேசைக் கணக்கரிடம் தள்ளினார். கணக்கர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு எதுக்குக்கா இந்த வம்பு? உள்ள எதாவது குறைஞ்சா என் தலைதான் உருளும். முதல்ல திறந்து பாத்துடுங்க."

"நீங்களே போய்ப் பாருங்க."

"தனியாவா? நல்லா இருக்கே."

கடைசியில் மூவரும் சேர்ந்தே திறந்தார்கள். யாரும் யாருக்கும் முதுகு காட்ட விரும்பாததால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நுழைந்தார்கள். சாவிகளை எடுத்துவர யாருக்கும் துணிவில்லை; இரண்டும் வெளியே கதவிலேயே தொங்கின. தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. பின்னால் 'டக்' என்றது.

"சாவி?" என்றார் அதிகாரி. "உங்களை நம்பினேனேம்மா."

"நான் உங்களை நம்பினேன் சார்."

"நான் யாரையும் நம்பல," என்றார் கணக்கர். "ஆனாலும் உள்ளதான் இருக்கேன்."

அதிகாரி கதவைத் தட்டக் கை ஓங்கியபோது வெளியே செருப்புச் சத்தம். மேலிடத்து அம்மையார். காலி நாற்காலிகளைப் பார்த்தார். கதவில் தொங்கும் சாவிகளைப் பார்த்தார்.

"ரெண்டு சாவியையும் இப்படி விட்டுட்டுச் சாப்பிடப் போயிருக்காங்களே," என்று உருகினார். "இவ்வளவு நம்பிக்கையை நான் எந்த ஆபீஸ்லயும் பாத்ததில்ல."

உள்ளே அதிகாரி உதட்டில் விரல் வைத்தார். காசாளர் தன் தும்மலைக் கணக்கரின் தோளில் புதைத்தார். கணக்கர் மூச்சையே நிறுத்தினார். ஒருவர் முனகியிருந்தாலும் அதிகாரியின் கதை முடிந்திருக்கும். ஒருவரும் முனகவில்லை. அம்மையார் "மிக நன்று" என்று எழுதிவிட்டுப் போன பிறகும் மூவரும் கைகோத்தபடி நின்றார்கள்.

இத்தனைக்கும் சாட்சி, வராந்தா பெஞ்சில் ஓய்வூதியத்துக்குக் காத்திருந்த நான்தான். அந்தக் கதவோ அரையடி இரும்பு, உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது.