முக்கால் அடி விமானப் பயணம்

மனித குலத்தின் வான்பயண வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: பண்ணைக்காட்டு மேட்டில் திருமலைச்சாமி ஒரு பாராட்டுக் குழு அமைப்பதற்கு முன், அமைத்த பின்.

எண்பது வருடத்துக்கு முன் ஒரு காப்பித் தோட்டத்துத் துரை ஓட்டிய இரண்டடுக்கு இறக்கை விமானம் அது. கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அதை, வத்தலக்குண்டு லாரி மெக்கானிக் ஒலியுல்லா மூன்று வருடம் பாடுபட்டு மறுபடி விமானமாக்கினார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: முதல் பறப்பில் முன் இருக்கை. பறக்க அனுமதி அந்த ஒரு நாளுக்கு மட்டும். அதிலும் பதினொரு மணிக்கெல்லாம் மேட்டில் மேகம் இறங்கிவிடும்.

காலை எட்டு மணிக்கே ஒலியுல்லா ஏறி உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பாய், இறங்குங்க. இன்னும் பாராட்டவே ஆரம்பிக்கல" என்றார் செயலாளர் திருமலைச்சாமி.

"பறந்துட்டு வந்தப்புறம் பாராட்டுங்களேன்."

"அதெப்படிங்க? சிறப்பு விருந்தினர் பாராட்டாம பறந்தா, அது சும்மா பறக்குறது!"

சிறப்பு விருந்தினரின் கார் மலைப்பாதைக் கொண்டையூசி வளைவில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் சிக்கியிருந்தது. குழு காலத்தை வீணாக்கவில்லை. நான்கு இறக்கைகளுக்கும் பொன்னாடை போர்த்தியது. காற்றாடிக்குச் சந்தனம் அப்பியது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தது. அங்கேதான் கொள்கைச் சிக்கல்: வாலடியில் சக்கரம் இல்லை, ஒரு கட்டைதான்.

"வாலுக்குப் பழம் உண்டாங்க?"

"வால் கோவிச்சுக்கிட்டா? எதுக்கும் ஒண்ணு வைய்யி."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியபோது மணி பத்தரை. விமானி ஸ்வேதா கெஞ்சினாள்: "சார், இப்பக் கெளம்பினாக்கூட ஒரு ரவுண்டு அடிச்சிரலாம். பழத்து மேலேயே ஏத்திட்டுப் போறேன்."

"பாப்பா, விருந்தினர் கொடியசைக்காம பழம் நசுங்கப்படாது."

பத்தே முக்காலுக்கு விருந்தினர் வந்தார். பறத்தலின் பெருமை பற்றி 'சுருக்கமாக' முப்பது நிமிடம் பேசினார். "இந்தத் தெளிந்த வானத்தைப் பாருங்கள்!" என்று அவர் முழங்கியபோது, இறங்கிய மேகத்தில் மைக் எங்கிருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. கொடியசைத்தார் என்று நம்புகிறார்கள். யாரும் பார்க்கவில்லை.

ஸ்வேதா கையுறையைக் கழற்றினாள். "முடிஞ்சுச்சு பாய். என் கையே எனக்குத் தெரியல."

ஆனால் பழம் நசுங்க வேண்டுமே! குழுவினர் பதினொரு பேரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். முன் இருக்கையில் ஒலியுல்லா. பொதக், பொதக். விமானம் முக்கால் அடி முன்னேறியது. கைதட்டல் மலையில் எதிரொலித்தது.

"எப்படிங்க பாய் இருந்துச்சு?" என்றார் திருமலைச்சாமி, மேகத்துக்குள்ளிருந்து.

"எலுமிச்சம்பழ வாசம் நல்லாருந்துச்சு."

அன்று மாலையே குழு அறிக்கை வெளியிட்டது: 'சரியாகப் பதினொன்றே கால் மணிக்கு நமது விமானம் மேகக்கூட்டத்துக்குள் இருந்தது.' அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

துரு, கரையான், எலி மூன்றையும் அந்த விமானத்திலிருந்து விரட்டியவர் ஒலியுல்லா. பாராட்டைக் கழற்றத்தான் அவரிடம் ஸ்பானர் இல்லை.